கடல் கடந்த வியாபாரமும் நொய்யலாற்று உப்பும்

(காங்கேயத்தில் நடந்த பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம், தேசங்களுக்குள் நடக்கும் வியாபாரமும், அதற்காகத் தேசங்கள் செய்துகொள்ளும் உடன்படிக்கைகளும், இவற்றால் ஜனங்களுக்கு நிலைத்த வளர்ச்சி உண்டாகுமா என்பதுமாகும். “இது டில்லியிலும் ஜெனிவாவிலும் இருக்கிறவர்கள் பேச வேண்டிய சங்கதியாயிற்றே, காங்கேயத்துக் குடியானவனுக்கும் பனியன் கம்பெனித் தொழிலாளிக்கும் இதில் என்ன வேலை?” என்று சிலர் கேட்கலாம். அப்படிக் கேட்கும்படி நம்மைப் பழக்கி வைத்திருப்பதுதான் முதல் மோசடி என்று சொல்லுகின்றோம். உங்கள் தேங்காய்க்கு என்ன விலை என்பதும், உங்கள் மகள் தைக்கிற பனியனுக்கு என்ன கூலி என்பதும், உங்கள் கிணற்றுத் தண்ணீர் இனிக்குமா கரிக்குமா என்பதும் அந்த உடன்படிக்கைகளிலே அடங்கியிருக்கும்போது, அவற்றைப்பற்றிப் பேச உங்களைவிட யோக்கியதை உடையவர் யார்?

முதலில் நிலைத்த வளர்ச்சி என்றால் என்ன என்று பார்ப்போம். 1987இல் ஐக்கிய நாடுகள் சபைக்காக ஏற்பட்ட ஒரு கமிஷன், இன்றைக்கு இருப்பவர்கள் தங்கள் தேவையைத் தீர்த்துக்கொள்ளும்போது பின்னால் வருகிறவர்களின் தேவைக்கு மோசம் செய்யாமலிருப்பதே அது என்று விளக்கம் சொல்லிற்று. பெரிய பண்டிதர்கள் கூடிச் சொன்ன இந்த விஷயம் காங்கேயத்தாருக்குப் புதிதல்ல. கொறங்காடு வைத்திருக்கிறவர்களைக் கேளுங்கள். கொழுக்கட்டைப்புல்லும் வெள்வேல மரமும் வளர்ந்து, சுற்றிலும் கிளுவை வேலி போட்ட அந்தக் காட்டில், மாட்டை ஒரு பட்டியில் சில காலம் மேயவிட்டு, பிறகு அடுத்த பட்டிக்கு மாற்றி, மேய்ந்த இடத்தில் புல் மறுபடி தழைக்கும்படி விடுகிறார்கள். மழை குறைந்த இந்தக் கரட்டுப் பூமியில் காங்கேயம் காளை தலைமுறை தலைமுறையாக நிற்பது இந்தக் கணக்கினால்தானேயொழிய எந்தத் தேவதையின் கடாட்சத்தாலுமல்ல. புல்லை வேரோடு தின்னவிடாதே என்பதே அதன் சாரம். இதே கணக்கை ஆற்றுக்கும், மண்ணுக்கும், தொழிலாளியின் உடம்புக்கும் போடவேண்டும் என்பதுதான் நமது வாதம்.

இனி வியாபாரத்தைப் பற்றி. கடல் தாண்டினால் சாதி போய்விடும் என்று சாஸ்திரம் எழுதி வைத்தவர்கள் இந்த நாட்டில் இருந்தார்கள். படிப்புக்காகச் சீமைக்குப் போய் வந்தவர்கள்கூடப் பிராயச்சித்தம் செய்துகொள்ளவேண்டும் என்று கட்டாயப்படுத்தப்பட்ட காலம் வெகுதூரத்தில் இல்லை. ஆனால் நமது நொய்யல் கரையில் உழைத்தவர்கள் அந்தச் சாஸ்திரத்தை லட்சியம் செய்ததாகத் தெரியவில்லை. சென்னிமலைக்கு மேற்கே, நொய்யலின் வடகரையில், கொடுமணல் என்ற ஊர் இருக்கின்றது. அங்கே 1980களிலிருந்து நடந்த அகழ்வுகளில், சுமார் 2,000 வருஷங்களுக்கு முன்பே மணிக்கற்களை அறுத்துத் துளையிட்ட பட்டறைகளும், இரும்பு உருக்கிய உலைகளும், தமிழ் எழுத்துக் கீறிய பானை ஓடுகளும் கிடைத்திருக்கின்றன. திருப்பூர் சாலையிலுள்ள நமது படியூரில் கிடைக்கும் நீலப்பச்சை மணிக்கல் அக்காலத்தில் பெயர்பெற்ற சரக்கு. கொங்கு நாட்டில் பல இடங்களில் ரோமாபுரிக் காசுகள் தோண்டி எடுக்கப்பட்டிருக்கின்றன. இந்தியச் சரக்குக்காக வருஷத்துக்கு 5 கோடி செஸ்டர்ஸ் பணம் போய்விடுகிறதே என்று முதல் நூற்றாண்டில் பிளினி என்ற ரோமாபுரி ஆசிரியர் முறையிட்டு எழுதியிருக்கிறார். ஆகவே ஏற்றுமதியும், அதைப்பற்றி வாங்குகிறவன் அழுவதும் இன்று நேற்று உண்டான சங்கதியல்ல.

வியாபாரம் கெட்டது என்று சொல்ல நாம் வரவில்லை. திருப்பூரைப் பாருங்கள். 1970களின் பிற்பகுதியில் இத்தாலி தேசத்து வியாபாரி ஒருவர் வெள்ளைப் பனியன் வாங்க வந்தார் என்பதிலிருந்து அவ்வூரின் ஏற்றுமதிக் கதை ஆரம்பமாகின்றது. 1990இல் ஏற்றுமதியாளர் சங்கம் ஏற்பட்டது. 2024-25ஆம் வருஷத்தில் அங்கிருந்து 40,000 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு வெளிநாடு போயிற்று. பரம்பரைப் பணக்காரர் அல்லாத, சாதாரணக் குடியானவர் வீட்டுப் பிள்ளைகள் முதலாளிகளானார்கள். ஊரில் சேரியென்று ஒதுக்கப்பட்டவனும், பண்ணையத்தில் அடிமைப்பட்டுக் கிடந்தவனும், வாரக் கூலி வாங்கி நிமிர்ந்து நடக்க வழி கிடைத்தது. பீகாரிலிருந்தும் ஒரிசாவிலிருந்தும் ஆயிரக்கணக்கானவர்கள் பிழைக்க வந்தார்கள். வயிற்றுக்காகப் பிறருடைய திண்ணையில் கைகட்டி நிற்காமலிருக்கச் செய்கிற எந்தத் தொழிலையும் நாம் வரவேற்கவே செய்வோம்.

ஆனால் தோழர்களே! இந்தச் சரக்கு எந்த விலைக்குப் போயிற்று? பில்லில் எழுதிய விலையைக் கேட்கவில்லை. எழுதாத விலையைக் கேட்கின்றோம்.

பருத்தித் துணியில் சாயம் பிடிக்க உப்பு வேண்டும். கருநிறம், கருநீலம் போன்ற அழுத்தமான சாயமானால் ஒரு லிட்டர் சாயநீருக்கு 50 கிராமுக்கு மேலும் உப்புப் போடவேண்டியிருக்கும். சாயம் துணியோடு போய்விடும். உப்போ துணியில் தங்காது. தண்ணீரோடு வெளியே வரும். சாதாரணச் சுத்திகரிப்பில் நிறம் போகும், நாற்றம் போகும், உப்புப் போகாது. நூற்றுக்கணக்கான சாயப்பட்டறைகளிலிருந்து இந்தத் தண்ணீர் வருஷக்கணக்கில் நொய்யலில் விழுந்தது. ஆகவே ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் துணி போயிற்று. உப்பு மாத்திரம் நம்மிடம் தங்கிற்று.

நமக்கு வடக்கே ஒரத்துப்பாளையத்தில் நொய்யலின் குறுக்கே 1992இல் ஒரு அணை கட்டி முடிக்கப்பட்டது. ஈரோடு, கரூர்ப் பக்கத்துப் பூமிகளுக்குப் பாசனம் என்று சொல்லித்தான் கட்டினார்கள். நடந்தது என்ன? சாயக் கழிவைத் தேக்கி வைக்கும் குட்டையாக அது முடிந்தது. தேக்கினால் பக்கத்துக் கிணறுகள் கெட்டன. திறந்துவிட்டால் கீழ்ப்பக்கத்துப் பூமி கெட்டது. “தேக்காதீர்கள்” என்று ஒருவரும், “திறந்துவிடாதீர்கள்” என்று மற்றொருவரும் கத்தும்படியான அணை உலகத்தில் வேறெங்காவது உண்டா? மஞ்சள் போட்ட பூமியில் மஞ்சள் வரவில்லை. தென்னை சிறுத்தது. ஆடுமாடுகள் குடிக்க மறுத்த தண்ணீரை மனிதன் பார்த்துக்கொண்டு நின்றான்.

அப்பொழுது சிலர் என்ன சொன்னார்கள்? “ஊர் தெய்வத்துக்குக் குறை வைத்துவிட்டோம், தலைவிதி, போன ஜன்மத்துப் பாவம்” என்றார்கள். நாம் கேட்கின்றோம்: போன ஜன்மத்துப் பாவம் ஆற்றின் இரண்டு கரையை ஒட்டி மட்டும் எப்படி வரிசையாகப் பிடித்தது? ஆற்றிலிருந்து தூரத்தில் இருந்தவர்களெல்லாம் போன ஜன்மத்தில் புண்ணியவான்களா? பரிகார பூசையால் ஒரு குடம் தண்ணீரிலிருந்து ஒரு சிட்டிகை உப்பையாவது எடுத்துக் காட்ட முடியுமா? விதி என்று சொல்லியிருந்தால் இன்றைக்கும் அப்படியே கிடந்திருப்பார்கள். நல்லவேளையாக நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் விதியை நம்பாமல் சட்டத்தை நம்பினார்கள். சங்கம் கூடி, ஐகோர்ட்டுக்குப் போனார்கள்.

அதன் பலனைக் கேளுங்கள். சேதத்தைக் கணக்கிட ஏற்பட்ட அதிகார சபை 2004 டிசம்பரில் 28,596 பேர் பாதிக்கப்பட்டதாகக் கண்டு, சுமார் 24 கோடியே 80 லட்சம் ரூபாய் நஷ்டஈடு தரவேண்டும் என்றது. வகுத்துப் பாருங்கள், ஆளுக்குச் சராசரி 8,700 ரூபாய்கூட முழுதாக வரவில்லை. வருஷந்தோறும் ஆயிரக்கணக்கான கோடிக்குச் சரக்கு அனுப்பிய தொழிலின் கணக்கில், ஒரு குடியானவனுடைய கிணற்றுக்கும் மண்ணுக்கும் விழுந்த மதிப்பு அவ்வளவுதான். 2006 டிசம்பரில் சென்னை ஐகோர்ட், கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியே விடாத ஏற்பாட்டைச் செய்தாகவேண்டும் என்று கெடு வைத்து, அதுவரை விடும் கழிவுக்கு லிட்டருக்கு 6 பைசாவில் ஆரம்பித்து 10 பைசா வரை அபராதம் விதித்தது. 2009இல் சுப்ரீம் கோர்ட் வரை போயும் பட்டறைக்காரர்களுக்கு மூன்று மாதத் தவணைதான் கிடைத்தது. கடைசியில் 2011 ஜனவரி 28இல் எல்லாச் சாயப்பட்டறைகளையும் மூடும்படி ஐகோர்ட் உத்தரவிட்டது.

அந்த உத்தரவினால் தொழிலாளிகள் பட்ட கஷ்டத்தை நாம் மறைக்கவில்லை. ஆனால் அதற்குப்பிறகு நடந்ததுதான் முக்கியம். “முடியவே முடியாது” என்று அதுவரை சொல்லப்பட்ட காரியம் முடிந்தது. சர்க்கார் 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுக்க முன்வந்தது. சவ்வு வழியாக வடிகட்டித் தண்ணீரைத் திரும்ப எடுத்து, மிஞ்சிய உப்பு நீரையும் மறுபடி சாயத்துக்கே உபயோகிக்கும் வித்தையைப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கற்றுக்கொண்டன. பட்டறைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. மழை நாளில் இரவோடிரவாகக் கழிவைத் திறந்துவிடும் யோக்கியர்கள் ஒழிந்துவிட்டார்கள் என்று சொல்லமாட்டோம். குவிந்து கிடக்கும் கலப்பு உப்புக்கும் முழு வழி பிறக்கவில்லை. என்றாலும் தெய்வ குற்றம் அல்ல, மனிதனின் அலட்சியம். அதைத் தீர்ப்பதும் மனிதன் கையில்தான் என்பது ருசுவாகிவிட்டது.

நிற்க. இப்பொழுதுதான் தேசங்களுக்குள் ஒத்துழைப்பு என்ற விஷயம் வருகின்றது. உப்பைத் திரும்ப எடுக்கச் செலவாகும். மின்சாரம் வேண்டும், இயந்திரம் வேண்டும். அந்தச் செலவை யார் கொடுப்பது? நியாயப்படி சட்டையைப் போடுகிறவன் கொடுக்கவேண்டும். ஆனால் வாங்குகிற கம்பெனிக்காரன் என்ன சொல்லுகிறான்? “சுத்தமாகச் செய், ஆனால் பழைய விலைக்கே கொடு, முடியாதென்றால் வேறு தேசத்துக்குப் போகிறேன்” என்கிறான். போவதற்கு அவனுக்கு இடமும் இருந்தது. 1974 முதல் இருந்த துணிக் கோட்டா 2004ஆம் வருஷ முடிவோடு ஒழிந்தது. யார் எவ்வளவு வேண்டுமானாலும் விற்கலாம் என்றாயிற்று. 2001 முதல் ஐரோப்பிய ஒன்றியம் மிக ஏழைத் தேசங்களின் சரக்குக்குத் தீர்வையை எடுத்துவிட்டதால், வங்காள தேசத்துச் சட்டை தீர்வையில்லாமல் போயிற்று. நமது சட்டைக்கு நூற்றுக்கு ஒன்பது, பத்து, பன்னிரண்டு என்று தீர்வை இருந்தது. தீர்வையும் நமக்கு, சுத்திகரிப்புச் செலவும் நமக்கு என்றால், நாணயமாக நடப்பவனுக்குத் தண்டனை, ஆற்றைக் கெடுப்பவனுக்கு வெகுமதி என்றுதானே அர்த்தம்?

இதற்காக வங்காள தேசத்துத் தொழிலாளிமேல் கோபித்துப் பயனில்லை. அவனும் நம்மைப்போல வயிற்றுக்கு உழைக்கிறவன். அவனுடைய ஆற்றிலும் உப்புத்தான் ஓடுகின்றது. திருப்பூரையும் டாக்காவையும் மோதவிட்டு, எவன் மலிவாகத் தன் ஆற்றையும் உடம்பையும் விற்கிறான் என்று ஏலம் போடுகிறவனைத்தான் கேட்கவேண்டும். ஒரு தேசத்தில் மாத்திரம் சட்டமிருந்தால் வியாபாரம் சட்டமில்லாத இடத்துக்கு ஓடும். எல்லாத் தேசத்திலும் ஒரே குறைந்தபட்ச விதி இருந்தால் ஓடுவதற்கு இடமில்லை. ஆகவேதான் தேசங்களின் ஒத்துழைப்பு வேண்டும் என்கின்றோம். தர்மசிந்தனைக்காக அல்ல, கணக்குக்காக.

இது நடக்காத காரியம் என்பார்கள். நடந்திருக்கின்றது. 2013 ஏப்ரல் 24இல் டாக்காவுக்கு அருகே ராணா பிளாசா என்ற கட்டடம் இடிந்து, ஆடை தைத்துக்கொண்டிருந்த 1,100க்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அதன்பின், வாங்குகிற அந்நியக் கம்பெனிகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து, கட்டடத்தைச் சோதித்துப் பழுதுபார்க்கச் சட்டப்படி கட்டுப்படும் ஒரு உடன்படிக்கை செய்துகொண்டார்கள். சவுகரியமிருந்தால் செய்கிறோம் என்ற பேச்சல்ல, செய்யாவிட்டால் வழக்கு என்கிற கட்டுப்பாடு.

நமது நாட்டிலும் பாருங்கள். கொங்குநாட்டு நூல் மில்களில் ‘சுமங்கலித் திட்டம்’ என்று ஒன்று நடந்தது. ஏழைப் பெண்களை மூன்று வருஷம் மில் விடுதியில் அடைத்து வேலை வாங்கி, முடிவில் கல்யாணச் செலவுக்கென்று ஒரு தொகை தருவதாகச் சொல்லுவது. நடுவில் உடம்பு முடியாமல் வெளியேறியவளுக்குத் தொகை இல்லையென்று கைவிரித்த இடங்களும் உண்டு. கூலியைக் கூலியென்று மாதாமாதம் கையில் கொடுக்காமல், தாலிக்கு முன்பணமென்று பெயர் வைத்து அடிமைத்தனத்துக்கு மஞ்சள் பூசினார்கள். வரதட்சணைப் பேய் ஊரில் இருக்கும்வரை இந்த வலையில் விழப் பெண்கள் இருப்பார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். இந்தச் சங்கதி வெளிநாட்டுக் கடைகளில் துணி வாங்குகிறவர்கள் காதில் விழுந்து, அவர்கள் கேள்வி கேட்க ஆரம்பித்தபிறகே பல முதலாளிகள் கண்ணைத் திறந்தார்கள். 2022இல் திண்டுக்கல்லில், தாழ்த்தப்பட்ட பெண்கள் தலைமை வகித்து நடத்தும் ஒரு தொழிற்சங்கம், ஆலை முதலாளியையும் அவரிடம் சரக்கு வாங்கும் பெரிய அந்நியக் கம்பெனிகளையும் ஒப்பந்தத்தில் கட்டிற்று. வேலையிடத்தில் பெண்களுக்கு இழைக்கும் கொடுமையையும் சாதிக் கொடுமையையும் தடுக்காவிட்டால் வியாபாரத்துக்கே ஆபத்து என்று அதில் ஏற்பாடு. இதுவும் கடல் கடந்த வியாபாரந்தான். கட்டுப்படுத்தத் தெரிந்தால் அதே வியாபாரம் நமக்குக் கையாயுதமாகும்.

இனித் தேங்காய்க்கு வருவோம். காங்கேயத்தில் கொப்பரைக் களங்களும் எண்ணெய் ஆலைகளும் எத்தனையென்று உங்களுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. 2010 ஜனவரி முதல் தென்கிழக்கு ஆசிய நாடுகளோடு சரக்கு உடன்படிக்கை அமுலுக்கு வந்தது. இந்தோனேசியாவிலும் மலேசியாவிலுமிருந்து பாமாயில் கப்பல் கப்பலாக வருகின்றது. 2024 செப்டம்பரில் கச்சாப் பாமாயிலுக்கு அடிப்படைத் தீர்வை நூற்றுக்கு 20 ஆக ஏற்றப்பட்டது. 2025 மே முடிவில் 10 ஆகக் குறைக்கப்பட்டது. ஒன்பது மாதத்தில் ஏற்றமும் இறக்கமும்! தென்னைவைத்துக் காய்ப்புக்கு வர ஐந்தாறு வருஷமாகும். ஒன்பது மாதத்தில் மாறுகிற தீர்வையை நம்பி எந்தக் குடியானவன் தென்னை வைப்பான்?

பாமாயிலே வரக்கூடாதென்று கதவைச் சாத்தச் சொல்லவில்லை. தென்னந்தோப்பில் கூலிக்குக் காய் பொறுக்குகிறவள் வீட்டில் வடை சுடுவது ரேஷன் கடைப் பாமாயிலில்தான். அவள் வயிற்றிலடித்துத் தோப்புக்காரனைக் காப்பாற்றுவது நமது கொள்கையாக இருக்கமுடியாது. ஆனால் அந்த எண்ணெய் எப்படி மலிவாயிற்று என்றும் பார்க்கவேண்டும். போர்னியோவிலும் சுமத்ராவிலும் பெருங்காடுகளை அழித்துத்தான் பல பாமாயில் தோட்டங்கள் எழும்பின. அங்கே காட்டைக் கொடுத்தவன் நஷ்டம் எண்ணெய் விலையில் இல்லை. இங்கே ஆற்றைக் கொடுத்தவன் நஷ்டம் பனியன் விலையில் இல்லை. இரண்டும் ஒரே புரட்டுக் கணக்கு.

இன்னொன்று. ஒரே வாடிக்கைக்காரனை நம்பிய கடைக்காரன் கதியும் நமக்குத் தெரியவேண்டும். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நமது சரக்கின்மேல் முதலில் 25, பிறகு இன்னொரு 25 என்று நூற்றுக்கு 50 தீர்வை போட்டது. அது எத்தனை நாள் நின்றது என்பதல்ல கேள்வி. ஒரு தேசத்துத் தலைவர் போட்ட கையெழுத்தால், நம்மூர்ப் பக்கம் கைமடிக்கிறவளுக்கும் பிசிர் வெட்டுகிறவளுக்கும் வேலை உண்டா இல்லையா என்ற நிலை வந்ததே, அதுதான் கேள்வி. பல தேசங்களோடு எழுதிய விதிப்படி வியாபாரம் இருந்தால் ஒருவன் கோபம் நம்மை உலையில் போடாது. 2025 ஜூலையில் பிரிட்டனோடு உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. 2007இல் ஆரம்பித்த ஐரோப்பிய ஒன்றியத்தோடான பேச்சு முடிந்ததாக 2026 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. சந்தோஷம். ஆனால் பிரிட்டன் உடன்படிக்கையில் தொழிலாளர் நலன், சுற்றுப்புறம் என்று அத்தியாயங்கள் எழுதிவிட்டு, அவற்றை மீறினால் வழக்காட வழியில்லாமல் விட்டிருக்கிறார்கள். தீர்வை விஷயத்தை மீறினால் மத்தியஸ்தம் உண்டு. ஆற்றை மீறினால் ஆலோசனை மட்டும் உண்டு! 1994இல் மராக்கேஷ் நகரத்தில் உலக வர்த்தக ஸ்தாபன உடன்படிக்கையின் முகவுரையிலேயே நிலைத்த வளர்ச்சி என்று எழுதினார்கள். 2015இல் ஐக்கிய நாடுகள் சபை 17 லட்சியங்கள் எழுதிற்று. முகவுரையில் வைத்த சொல் கணக்குப் புத்தகத்துக்கு வரவேண்டாமா?

ஆகவே தோழர்களே! நாம் கேட்பவை இவை:

1. தேசங்கள் செய்யும் வர்த்தக உடன்படிக்கைகள் கையெழுத்தாகும் முன்பே தமிழில் வெளியாகவேண்டும். சூத்திரன் வேதத்தைக் கேட்கக்கூடாது என்றார்கள் அன்று. குடியானவனும் தொழிலாளியும் உடன்படிக்கையைப் படிக்கக்கூடாது என்று இன்று ஒரு புது வேதம் வேண்டாம்.

2. கழிவைச் சுத்தம் செய்யும் செலவு சரக்கின் விலையில் தனிக் கலமாகச் சேர்ந்து, வாங்குகிறவன் கொடுக்கவேண்டும்.

3. தண்ணீரைச் சுத்தமாக வைத்துச் செய்த சரக்குக்குத் தீர்வைக் குறைப்பு வேண்டும். வங்காள தேசத்துக்கும் நமக்கும் ஒரே விதி வேண்டும்.

4. எண்ணெய்த் தீர்வை, குடியானவன் திட்டம் போடும்படி சில வருஷங்களுக்காவது முன்கூட்டியே அறிவிக்கப்படவேண்டும். ரேஷனில் தேங்காயெண்ணெய்க்கும் இடம் வேண்டும்.

5. சரக்கு வாங்கும் அந்நியக் கம்பெனியும் தொழிற்சங்கத்தின் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாகவேண்டும்.

இவற்றை யாரும் தானாகக் கொடுக்கமாட்டார்கள். நொய்யல் ஆயக்கட்டுதாரர்களுக்கும் யாரும் தானாகக் கொடுக்கவில்லை. அவர்கள் ஆடிப்பெருக்கில் ஆற்றுக்குப் பொங்கல் வைத்துக் கும்பிட்டதனால் ஆறு சுத்தமாகவில்லை. தண்ணீரைப் புட்டியில் பிடித்துச் சோதித்து, உப்பின் அளவை எழுதி, கோர்ட்டின் முன் வைத்ததனால் ஆயிற்று. நீங்களும் உங்கள் கிணற்றுத் தண்ணீரைச் சோதியுங்கள். கொப்பரை விலையையும் தீர்வையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதிப் பாருங்கள். பனியன் கம்பெனிக்குப் போகும் உங்கள் பெண்களைச் சங்கத்தில் சேரச் சொல்லுங்கள். கணக்குக் கேட்கிற ஜனங்களிடம் எந்தத் தேசத்து வியாபாரியும் நாணயமாகத்தான் நடந்தாகவேண்டும்.